கண் மூடிய தியாமத்

பிப்ரவரி 4

அன்புள்ள மிச்சத்துக்கு,

இப்படி அழைத்தால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். கோபத்தில் உட்கார்ந்தால்தான் உன் கோடு நன்றாக விழுகிறது.

போனை எடுக்க மாட்டேன், சொல்ல வேண்டியதை எழுதித் தொலை என்றாய். எழுதுகிறேன். எழுதுவது எனக்கென்ன பாரமா, அதுதானே பிழைப்பு.

பதிப்பாளர் சரி என்றுவிட்டார். உலகம் எப்படிப் பிறந்தது என்று ஒவ்வோர் இனமும் சொல்லும் கதை, அவர்கள் கும்பிட்ட சின்னங்கள், எல்லாம் பிள்ளைகளுக்கான ஒரே பெரிய புத்தகமாக. எழுதுவது நான், வரைவது நீ. முதல் கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். சீனத்துக் கதை. நூவா என்கிற தெய்வம் மஞ்சள் மண்ணைப் பிசைந்து மனிதர்களை ஒவ்வொருவராகச் செய்கிறாள். கை ஓய்ந்ததும் ஒரு கயிற்றைச் சேற்றில் தோய்த்துச் சுழற்றுகிறாள். தெறித்த துளியெல்லாம் மனிதர்களாகிவிடுகின்றன. கையால் பிடித்துச் செய்யப்பட்டவர்கள் சீமான்கள், தெறித்து விழுந்தவர்கள் மற்றவர்கள்.

படித்ததும் உன் நினைவுதான். சின்ன வயதில் உனக்கு ஒரு கதை கட்டிவிட்டேனே, என்னைச் செய்து முடித்த பிறகு விரலிடுக்கில் ஒட்டியிருந்த மண்ணை வழித்து அம்மா உன்னைச் செய்தாள் என்று. நீ தேம்பித் தேம்பி அழுதாய். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து உன் பெயர் மிச்சம். பார், நான் ஒன்றும் கண்டபடி உளறவில்லை. ஒரு பெரிய தேசமே எனக்குச் சாட்சி.

இன்னொன்று. அம்மாவைப் பார்க்க வேண்டும். அவள் படுக்கையில் விழுந்த பிறகு நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். கதவைத் திறந்தால்தானே எட்டிப் பார்ப்பதற்கு? எப்போது வரட்டும், சொல்.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

உன் கதை வந்தது, உன் பாசமும் வந்தது. கதையை மேசையில் வைத்திருக்கிறேன். பாசத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, வீட்டில் இடம் கம்மி.

படம் வரைகிறேன். ஆனால் நீ வராதே. ஏன் என்று ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தை மாதிரிக் கேட்கிறாய். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

போன வருஷம் ரேடியோவில் உன் பேட்டி வந்த அன்று நான் அம்மாவின் படுக்கைத் துணியை மாற்றிக்கொண்டிருந்தேன். அவளை ஒருக்களித்துப் பிடித்திருந்தேன், கையெல்லாம் நாற்றம். அப்போது நீ பேசினாய். "எங்கம்மா என்னோடதான் இருக்காங்க. தினமும் அவங்க பக்கத்துல உக்காந்து கதை கேட்டுட்டுத்தான் எழுத ஆரம்பிப்பேன்" என்றாய். குரலில் தேன் வேறு. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துபோய், "கேட்டியா, நான் பெரியவ வீட்லதான் இருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ யாரும்மா, வேலைக்கு வந்திருக்கியா?" என்று கேட்டாள்.

ஆமாம்மா, வேலைக்குத்தான் வந்திருக்கேன் என்றேன்.

அவள் உன் வீட்டில்தானே இருக்கிறாள், அப்புறம் எதற்கு இங்கே வருகிறாய்? நோகாமல் நுங்கு தின்கிறவளுக்குப் பந்தியில் முதல் இலை வேறு.

நான் எப்படி வரைவேன் என்று உனக்குத் தெரியும். கண்ணெதிரே இல்லாத எதையும் என் கை வரையாது. இலை என்றால் இலையைப் பறித்து வைக்க வேண்டும், முகம் என்றால் ஒரு முகம் எதிரே உட்கார வேண்டும். இது கற்பனைப் பஞ்சம் என்று ஒரு கூட்டத்தில் நீயே சொல்லிச் சிரித்தாய். பஞ்சமாகவே இருக்கட்டும். பொய் சொல்லும் கை எனக்கு வாய்க்கவில்லை. நூவா படம் இத்துடன்.


மார்ச் 1

மிச்சத்துக்கு,

படம் அருமை. உன்னைப் பாராட்டினால் என் நாக்கு தேய்ந்துவிடாது, பார்த்தாயா.

ரேடியோ விஷயத்தைப் பெரிசு பண்ணாதே. அந்த மாதிரி இடங்களில் மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அம்மா என் மனதோடு இருக்கிறாள் என்ற அர்த்தத்தில் சொன்னேன். உனக்கு எல்லாம் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்தால்தான் உண்மை.

ஒன்று சொல்லட்டுமா? கயிற்றைச் சுழற்றுகிற அந்தக் கை அம்மாவுடைய கை. கட்டைவிரல் கோணல் காட்டிக்கொடுத்துவிட்டது. நகம் வெட்டி, சுத்தமாக வைத்திருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ என்னை உள்ளே விடாவிட்டாலும் உன் படம் விடுகிறது.

அடுத்து மூன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் யொருபா மக்கள் சொல்வது: மனித உடல்களை மண்ணில் செய்த தெய்வம் நடுவில் கள்ளைக் குடித்துவிட்டு, போதையில் சிலரைக் கூனாகவும் குருடாகவும் செய்துவிட்டது. இரண்டாவது, எகிப்தியரின் சின்னம், தன் வாலைத் தானே கவ்விய பாம்பு. மூன்றாவது பின்லாந்துக் கதை: தண்ணீரில் மிதக்கும் ஒரு பெண்ணின் முழங்காலில் வாத்து முட்டையிடுகிறது, அவள் அசைய, முட்டை உடைந்து ஓட்டின் ஒரு பாதி வானம், ஒரு பாதி பூமி.

ஒரே ஒரு நாள் வருகிறேன். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். உன் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, போதுமா?


மார்ச் 11

அக்காவுக்கு,

மூன்று படமும் இத்துடன். குடிகாரத் தெய்வத்துக்குத் தெருமுனைத் தையல்காரர் உட்கார்ந்தார். வேஷமே தேவைப்படவில்லை. "என்ன வேஷம்மா?" என்று கேட்டார், "சாமி வேஷம்" என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். பாம்புக்கு ஆள் கிடைக்கவில்லை. வாசல் குழாயின் ரப்பர்ப் பைப்பைச் சுருட்டி முனையோடு முனை சேர்த்து வைத்து வரைந்தேன். செதில் மட்டும் மீன்கடை உபயம்.

முட்டைக்கு அம்மாவின் முழங்கால். வாத்து முட்டையை மேலே வைத்தேன், உருண்டு விழுந்து உடைந்தது. மஞ்சள் கரு படுக்கையெல்லாம் ஓடியது. அம்மா கெக்கெக்கென்று சிரித்தாள். படுத்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒரு ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் இருந்தோம்.

அப்புறம் அவள், "இதப் பெரியவகிட்டச் சொல்லணும், அவ இதக் கதையா எழுதுவா" என்றாள்.

நீ வராதே.


மார்ச் 20

மிச்சத்துக்கு,

வயிற்றெரிச்சல் பிடித்தவளே, அவள் என்னைக் கேட்டால் அதற்கு நான் என்ன செய்ய? அவள் கேட்கிறாள் என்று நீயே எழுதுகிறாய், அடுத்த வரியில் வராதே என்கிறாய். இது என்ன நியாயம்?

சரி, வேலை. இதுதான் புத்தகத்திலேயே பெரிய கதை. பாபிலோனியர் கதை. தியாமத் என்பவள் ஆதித் தாய், உப்புக் கடல் அவள். எல்லாத் தெய்வங்களும் அவள் வயிற்றில் பிறந்தவர்கள். கடைசியில் அவர்களுக்குள் போர். மர்துக் என்கிற இளைய தெய்வம் அவள் வாய்க்குள் புயலை ஏவி, வாயை மூட முடியாமல் செய்து, அம்பெய்து கொல்கிறான். கருவாட்டைப் பிளப்பது போல உடலை இரண்டாகப் பிளக்கிறான். ஒரு பாதி வானம், ஒரு பாதி பூமி. இரண்டு கண்ணிலிருந்தும் இரண்டு பெரிய ஆறுகள் ஓடுகின்றன. பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் மென்மையாக்கியிருக்கிறேன்: "தாய் தன்னையே பிள்ளைகளுக்கு வீடாகக் கொடுத்தாள்."

பக்கம் முழுக்க அவள் முகம் வேண்டும். வயதான, பெரிய முகம். அம்மாவை உட்கார வைப்பாய் என்று நினைக்கிறேன். நேரில்தான் காட்ட மாட்டேன் என்கிறாய், படத்திலாவது முகத்தைக் காட்டு.


மார்ச் 28

அக்காவுக்கு,

"கொடுத்தாள்" என்று எழுத உன் கை கூசவில்லையா? அவள் கொடுக்கவில்லை. வெட்டினார்கள். பெற்ற பிள்ளைகள் வெட்டிப் பங்கு போட்டார்கள். உள்ளதை உள்ளபடி எழுது, பிள்ளைகள் ஒன்றும் செத்துப்போய்விட மாட்டார்கள்.

எனக்கு இந்தக் கதை நன்றாகப் புரிகிறது. நம் வீட்டிலும் அதுதானே நடந்தது. மேல் பாதியை நீ எடுத்துக்கொண்டாய். அவள் குரல், அவள் கதை, அவள் சிரிப்பு, எல்லாம் உன் மேடைக்குப் போயிற்று. கீழ்ப் பாதி என் பங்கு. அதை நான் வேளைக்கு வேளை துடைத்துப் பவுடர் போட்டு வைத்திருக்கிறேன். முதுகில் புண் வந்துவிட்டது. புண்ணுக்குள் என் சுண்டுவிரல் போகிறது. இதைக் கதையாக எழுது, பார்க்கலாம்.

நேற்று டாக்டர் வந்தார். வெளியே அழைத்துப்போய், "சொந்தக்காரங்க யாராவது பாக்கணும்னா சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார்.

வா. எனக்காக இல்லை. நான் உன் முகத்தைப் பார்க்காமல் அடுக்களையில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதவு திறந்திருக்கிறது, வா.


ஏப்ரல் 3

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பெட்டியை எடுத்து வைத்தேன், நம்பினால் நம்பு.

ஆனால் பார், இந்த வாரம் அச்சகத்தில் நான் இருந்தே ஆக வேண்டும். வெளிநாட்டுப் பதிப்பகத்திலிருந்து இரண்டு பேர் புத்தகத்தைப் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் பல மொழிகளில் வரும், உன் படமும் உலகம் சுற்றும். நான் இல்லாவிட்டால் பதிப்பாளர் வாய்க்கு வந்தபடி உளறிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்.

அதோடு டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். அப்பாவுக்கும் இப்படித்தான் கெடு வைத்தார்கள், அப்புறம் அவர் எத்தனை வருஷம் ஓட்டினார். இத்தனை மாதம் கதவைச் சாத்தி வைத்திருந்தவள் நீ. இப்போது நீ விரலைச் சொடுக்கியதும் நான் ஓடி வர வேண்டுமா? பத்து நாள் பொறு. அம்மாவிடம் நான் வருகிறேன் என்று சொல்.

தியாமத் படம் இன்னும் வரவில்லை. அது இல்லாமல் வந்தவர்களிடம் எதைக் காட்டுவது?


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

சாப்பாடு இறங்கவில்லை. ஸ்பூனில் தண்ணீர் விட்டால் கடைவாயில் வழிகிறது. பேச்சு குழறிவிட்டது. ஆனாலும் கேட்கிறாள். நாளைக்கு வருவா, நாளைக்கு வருவா என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. உன்னைப் போல் பொய் சொல்ல நானும் பழகிக்கொண்டேன்.

வந்து தொலையேன். உன் காலில் விழுகிறேன். இதற்கு மேல் என்ன எழுத?


ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

வந்தவர்களுக்குப் புத்தகம் பிடித்துவிட்டது! பெரிய படம் ஒன்று வரப்போகிறது, அதுதான் உயிர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் இன்னும் ஒரு வாரம் இருக்கிறார்கள். அவர்களை அனுப்பி வைத்த மறுநாள் வண்டி ஏறுகிறேன், சத்தியம்.

உள்ளதைச் சொல்லவா? எனக்குப் பயமாகவும் இருக்கிறது. நீ எழுதுகிற அந்தப் புண்ணை எல்லாம் என்னால் பார்க்க முடியாது. நீ பழகிவிட்டாய். எனக்கு அம்மா என்றால் தலையைப் பின்னி, நல்ல புடவை கட்டி, வாசலில் நிற்கிறவள்தான். ஒரு வாரத்தில் கொஞ்சம் தேறிவிடுவாள் என்று மனசு சொல்கிறது.

படத்தை மட்டும் உடனே அனுப்பு.


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

நீ கேட்ட முகம் இத்துடன்.


ஏப்ரல் 25

என் தங்கமே,

மிச்சம் என்று இனி உன்னைக் கூப்பிட மாட்டேன். என்ன படம்டி இது! உறையைப் பிரித்ததும் பதிப்பாளர் அறைக்கு ஓடினேன். பதிப்பாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இந்தப் படத்துக்காகவே கிளம்பாமல் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். உள்பக்கம் வேண்டாம், இதையே அட்டையில் போடலாம் என்று முடிவாகிவிட்டது.

குறிப்பாக அந்த வாய். புயல் நுழைந்து மூட முடியாமல் திறந்து நிற்கிற வாயை இதைவிட யாரால் பிடிக்க முடியும்? உதடு உள்ளே மடிந்திருப்பதும், கன்னம் குழிந்திருப்பதும், ஒட்ட வெட்டிய முடியும், கதையை நூறு தடவை படித்தவள் போட்ட மாதிரி இருக்கிறது.

ஒரே ஒரு திருத்தம். கண்ணை மூடிவிட்டாய். இரண்டு கண்ணிலிருந்தும் ஆறுகள் ஓட வேண்டும், மூடிய கண்ணில் ஆறு எப்படி ஓடும்? பாதியாவது திறந்து வரைந்து அனுப்பு. இடது பக்கம் கொஞ்சம் வெளிச்சமும் கூடலாம்.

ஆமாம், யார் இந்தக் கிழவி? எங்கே பிடித்தாய்? அசையாமல் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் எனக்கு உன் மேல் ஒரு வருத்தம். அம்மாவைப் போட்டிருந்தால் இன்னும் களையாக இருந்திருக்கும். அவள் முகத்தை எனக்குக் காட்டக் கூடாது என்றே வேறு ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறாய், இல்லையா?

அடுத்த வார ஞாயிறு வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்.


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அந்தக் கிழவி அம்மா. வேறு எந்தக் கிழவி எனக்காக அசையாமல் இருப்பாள்? பதினைந்தாம் தேதி காலையில் போய்விட்டாள். தூக்க வருகிறவர்கள் வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. முகத்தைத் துடைத்தேன், மேசையை இழுத்துப் போட்டேன், வரைந்தேன். நீ முகம் கேட்டிருந்தாய்.

தலையில் புண் பிடிக்கிறது என்று முடியை மாசியிலேயே வெட்டிவிட்டேன். பல்செட்டைக் கழற்றியதால் கன்னம் குழிந்துவிட்டது. வாயை மூடிப் பார்த்தேன், நிற்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. நான்தான் உள்ளங்கையை வைத்து மூடினேன். இப்போது பாதி திறந்து வரையச் சொல்கிறாய். எங்கே போய்த் திறப்பது, சொல், போய்த் திறந்துவிட்டு வருகிறேன்.

உனக்கு ஆள் விட்டிருக்கலாம், போன் பண்ணியிருக்கலாம். வேண்டுமென்றேதான் பண்ணவில்லை. உறையைப் பிரித்ததும் நீ வீல் என்று கத்துவாய் என்று நினைத்தேன். அதை நினைத்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நீ என்னடாவென்றால் வெளிச்சம் போதவில்லை என்று எழுதுகிறாய். உன்னை வதைக்க நான் போட்ட திட்டம்கூட என்னையே வந்து குத்துகிறது. பெற்றவள் முகத்தை வைத்துக்கொண்டு யார் இந்தக் கிழவி என்று கேட்கிற ஜென்மத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வராதே.


மே 6

உன் கடிதம் வந்த அன்று படத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன், தூரத்தில் நின்று பார்த்தேன். நீ சொன்ன பிறகும் எனக்கு அம்மா தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று கண்ணை உறுத்து உறுத்துப் பார்க்கிறேன், யாரோ ஒருத்திதான் படுத்திருக்கிறாள். அழுகை வருகிறது, ஆனால் யாரைப் பார்த்து அழுகிறேன் என்று தெரியவில்லை.

நீ செய்ததை நான் மன்னிக்க மாட்டேன். என்னையும் நீ மன்னிக்க வேண்டாம். இந்த ஒரு விஷயத்திலாவது நாம் சரிசமம்.

பதிப்பாளரிடம் போய், அட்டையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்றேன். "அச்சு ஓடிட்டிருக்கும்மா, இப்ப நிறுத்தினா எல்லாம் பாழ்" என்றார். நான் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். வெளியே வரும்போது வெட்டாத தாள்கள் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு தாளில் நான்கு முகம். ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு ஒன்றே ஒன்று சொல். கெஞ்சிக் கேட்கிறேன். கடைசியில் அம்மா என்னைக் கேட்டாளா? நான் வரவில்லை என்று தெரிந்துதான் போனாளா? திட்டினாலும் பரவாயில்லை, பதில் எழுது.


மே 14

அக்காவுக்கு,

கேட்டாள். அன்று விடியும்போது கண் விழித்து, "பெரியவ வந்துட்டாளா?" என்று கேட்டாள். எனக்கு அலுத்துவிட்டது. நாளைக்கு என்று இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை. "வந்துட்டேம்மா, நான்தான் பெரியவ" என்றேன்.

நம்பிவிட்டாள். என் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "வந்துட்டியா, வந்துட்டியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கோணல் விரலால் என் கன்னத்தைத் தடவினாள். உன் பெயரைச் சொல்லிக் கொஞ்சினாள். ஒரு கதை சொல்லு என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், வாத்து முட்டைக் கதை. அதைக் கேட்டுக்கொண்டே போய்விட்டாள். ஆக, நீ வந்து பார்த்துவிட்டாய் என்றுதான் அவள் போயிருக்கிறாள். நிம்மதியாகத் தூங்கு.

ஆனால் அவ்வளவு நேரம் நான் நீயாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே அக்கா, சின்னவ எங்கே என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.